கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறு பாட்டு

பறவைகளைப் பற்றிய இந்தப் பேச்சை ஒரு பள்ளத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தபதி ஆற்றுக்குத் தெற்கே ஆரம்பித்துக் கன்னியாகுமரிப் பக்கம் முடியும் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு நீளத்திலும் மலை அகலமாக அறுபட்டுச் சமவெளிக்கு இறங்கிவிடும் பெரிய இடம் பாலக்காட்டுக் கணவாய்தான். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். கோவையிலிருந்து கேரளத்துக்குப் போகும் ரயில் இந்த வழியாகத்தான் போகிறது. ஆனி, ஆடியில் கோவைக்காரர்களின் வேட்டியைப் பறக்கடிக்கும் காற்றும், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும் இந்த வழியாகத்தான் வருகின்றன. மனிதருக்கும் காற்றுக்கும் வாசலாக இருக்கும் இந்த இடம், நீலகிரி உச்சிக் காடுகளில் வாழும் ஒரு சின்னப் பறவைக்குத் தாண்ட முடியாத தடையாக இருந்திருக்கிறது. எவ்வளவு காலமாக, எவ்வளவு கண்டிப்பாக என்பதை அதன் இறகை வைத்து எவராலும் சொல்ல முடியவில்லை. பாட்டையும் ஒரு சொட்டு இரத்தத்தையும் வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

அந்தப் பறவை சோலைக்கிளி. பச்சைக்கிளிக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவு. கருநீல முதுகு, நீண்ட கால், குட்டையான வட்டச் சிறகு. சோலைக்காட்டின் தரையோரப் புதர்களில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். சோலை என்றால் இங்கே பூந்தோட்டம் இல்லை. உயர்ந்த மலைகளில் புல்வெளிகளுக்கு நடுவே, ஓடை ஓடும் மடிப்புகளில் மட்டும் நெருங்கி வளரும் குட்டை மரக் காடு. கீழே இறங்க இறங்க வெப்பம் கூடும், மரங்கள் மாறும், பறவைகளும் மாறும். உயரத்துக்குப் பழகிய உயிருக்கு ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு. சுற்றிலும் கடலுக்குப் பதில் வெப்பமான சமவெளி. ஆய்வாளர்கள் இந்த உச்சிகளை ‘வான் தீவுகள்’ என்கிறார்கள்.

நீலகிரிச் சோலைக்கிளியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் கம்பெனிப் படையின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன், 1840களில். அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, பழனிமலையில் பறவை சேகரித்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்கின் மாதிரிகளைப் பார்த்த இயற்கையியலாளர் பிளான்ஃபோர்ட், தெற்கத்திப் பறவை வேறு என்று எண்ணித் தனிப் பெயர் கொடுத்தார். நீலகிரிப் பறவையின் விலாவில் செம்பழுப்பு. பழனிப் பறவைக்கு அது இல்லை, வயிறு மட்டும் வெளுப்பு. இருபதாம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. ஒரே மாதிரியான பறவைகள் அடுத்தடுத்த மலைகளில் இருந்தால் ஒன்றாகச் சேர்த்து, ஓர் இனத்தின் துணையினங்கள் என்று எழுதுவதே விவேகம் எனக் கருதப்பட்டது. சாலிம் அலியும் ரிப்ளியும் தங்கள் பெருநூலில் இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடம் செய்து பஞ்சு அடைத்து இழுப்பறையில் மல்லாக்கக் கிடத்திய பறவை பாடாது. 2005இல் பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் தெற்காசியப் பறவைகளுக்கான கையேட்டை வெளியிட்டபோதுதான் அவை மறுபடி இரண்டாயின. குரலுக்கும் ஒலிவரைபடத்துக்கும் அந்தக் கையேடு கொடுத்த இடம் அதற்கு முன் இந்தப் பகுதியின் பறவை நூல் எதுவும் கொடுக்காதது.

காதால் இனம் பிரிப்பது புதுப் பழக்கமும் அல்ல. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட், 1768 வாக்கில், தம் ஊர் மரங்களில் திரிந்த மங்கலான பச்சைக் குருவிகள் ஒரே இனம் இல்லை, மூன்று இனங்கள் என்று கண்டுகொண்டார். மூன்றும் இலைக்கதிர்க்குருவிகள், கையில் பிடித்துப் பார்த்தாலே குழப்பக்கூடியவை. மூன்றின் பாட்டு மூன்று விதம் என்பதே அவருக்கு முதல் துப்பு. அவர் கேட்டதை இன்னொருவருக்குக் கேட்க வைக்க வழி இல்லை என்பதுதான் அன்றைய சங்கடம். 1889இல் ஜெர்மனியில் எட்டு வயதுப் பையன் லுட்விக் காக், வீட்டில் வளர்ந்த ஒரு பறவையின் குரலை எடிசன் மெழுகு உருளையில் பதிந்தான். உலகில் அறியப்பட்ட முதல் பறவைப் பாட்டுப் பதிவு அது. பாடிய பறவை நம் மலையடிவாரக் காடுகளிலும் வாழும் சோலைபாடி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒலிவரைபடக் கருவி வந்தது. கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் சுருதி, கருமையில் அழுத்தம். கேம்பிரிட்ஜில் வில்லியம் தார்ப் 1950களில் அதைப் பறவைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, ‘எனக்கு வேறு மாதிரி கேட்டது’ என்ற பேச்சு அளந்து காட்டக்கூடிய செய்தியாயிற்று.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் எல்லாம் மிக எளிதாகத் தோன்றிவிடும். சில பறவைகள் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன, சில கற்பதில்லை. கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வெண்கொண்டைச் சிட்டுகளை 1960களில் பீட்டர் மார்லர் ஆராய்ந்தார். சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலே அவற்றின் பாட்டு மாறுகிறது. திருநெல்வேலித் தமிழும் கோவைத் தமிழும் போல, குஞ்சுகள் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் படிப்பதால் வந்த வட்டார வழக்கு அது. பாட்டு மாறியதாலேயே அவற்றை வெவ்வேறு இனம் என்று பிரித்தால் அபத்தம். அதே அமெரிக்காவில் ‘ஃபீபி’ என்ற ஈப்பிடிப்பானைத் தனியாக, தன் இனத்தின் குரலே கேட்காமல் வளர்த்துப் பார்த்தார் டொனால்ட் க்ரூட்ஸ்மா. அது தன் இனத்தின் பாட்டை அச்சுப் பிசகாமல் பாடியது. அதன் பாட்டு பிறவியிலேயே வருவது.

ஆந்தைகளும் இந்த இரண்டாம் வகைதான். எனவே ஆந்தையின் குரல் வேறாக இருந்தால் சந்தேகத்துக்கு வலு அதிகம். இலங்கையின் கித்துல்கலைக் காட்டில் 1995இல் தீபால் வரகாகொட, தான் அறிந்த எந்த ஆந்தைக்கும் பொருந்தாத ஒரு குரலைக் கேட்டார். மென்மையாக, விட்டு விட்டு ஒலிக்கும் ஒற்றைக் கூவல். அதன் சொந்தக்காரரைக் கண்ணால் பார்க்க 2001 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. பார்த்தது சிங்கராஜக் காட்டில். செம்பழுப்பு நிறச் சின்ன ஆந்தை. 2004இல் அவரும் ராஸ்முசனும் சேர்ந்து அதைப் புதிய இனமாக வெளியிட்டார்கள். நூற்றாண்டுகளாகப் பறவை பார்க்கப்பட்ட ஒரு தீவில், இரவில் வாழும் அந்த உயிர் குரல் ஒன்றாலேயே அகப்பட்டது.

சோலைக்கிளியோ பாட்டைக் கற்கும் வகை. அது போதாதென்று பிற பறவைகளின் பாட்டையும் இடையிடையே எடுத்து விடும். ஆகவே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பாட்டு வித்தியாசப்படுவது வெறும் வட்டார வழக்கா, அதைவிட ஆழமான பிரிவா என்று கேட்கத்தான் வேண்டும். சேதனா புருஷோத்தமும் வி. வி. ராபினும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. ஆறு இடங்களில் வாழும் 38 பறவைகளின் 835 பாட்டுகளை எடுத்து, சுருதி, கால அளவு, சொற்கட்டு என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். அவர்கள் தேர்ந்துகொண்ட இடங்களில்தான் நுட்பம் இருக்கிறது. சில மலைகளைப் பிரித்தவை தொன்மையான பள்ளத்தாக்குகள். வேறு சில இடங்கள் காடு வெட்டப்பட்டதால் அண்மையில் துண்டானவை. இரண்டு வகைப் பிரிவும் ஒரே மாதிரிப் பாட்டை மாற்றுகின்றனவா?

மாற்றவில்லை. பாட்டுகள் மூன்று பெரிய கூட்டங்களாகப் பிரிந்தன, அந்த மூன்றும் பழைய பள்ளத்தாக்குகளின் எல்லையை ஒட்டியே நின்றன. காடழிப்பு பிரித்த இடங்களில் மாற்றம் இருந்தது, ஆனால் சிறிது. பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையின் நடத்தையையும் பார்த்தார்கள். பதிவுப் பாட்டைத் தன் இனத்தான் பாட்டென்று எண்ணும் ஆண் பறவை, எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று பாய்ந்து வரும். இல்லையென்றால் தன் வேலையைப் பார்க்கும். இனம் எது என்ற கேள்வியை மனிதரிடம் கேட்காமல் பறவையிடமே கேட்கும் சோதனை அது. ஆய்வுக் கருவிகளில் இதற்குத்தான் மிகப் பழைய வேடன் தந்திரத்தின் சாயல் இருக்கிறது.

இனி இரத்தம். சோலைக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலையைக் கட்டி, விழுந்த பறவையைக் கையில் எடுத்து, சிறகின் அடிப்பக்கத்து நரம்பிலிருந்து ஓரிரு சொட்டு எடுத்துவிட்டுப் பறக்கவிடுவார்கள். இந்தச் சிறு அளவு போதுமானதாக இருப்பதற்குக் காரணம் பறவை உடலின் அமைப்பு. மனித இரத்தச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. பறவையின் சிவப்பணுவில் உண்டு. எனவே ஒவ்வொரு சொட்டிலும் டி.என்.ஏ. நிறைந்திருக்கிறது. பழைய அருங்காட்சியக மாதிரிகளானால் காலின் அடித்தோலில் ஒரு துணுக்கைச் சீவி எடுத்தாலே நூறு ஆண்டுக்கு முந்தைய பறவையின் மரபணுவைப் படிக்க முடிகிறது. ஜெர்டனோ ஃபேர்பேங்கோ இதைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மரபணுச் சாட்சிக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆய்வுகளில் முதலில் படிக்கப்படுவது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு. எளிதில் கிடைக்கும், வேகமாக மாறும். ஆனால் அது தாய்வழியில் மட்டும் இறங்குவது. ஆண் பறவைகள் மலை விட்டு மலை போய்க் கலந்திருந்தாலும் அது காட்டாது. அதனால் உட்கருவின் மரபணுக்களையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணனும் ராபினும் அவர்களுடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பறவையோடு நிற்காமல் மலைப் பறவைக் கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஒன்பது இடங்கள், 23 இனங்கள், 356 பறவைகள். அந்த 23இல் 10 இனங்களில் ஆகப் பழைய பிரிவு விழுந்திருந்த இடம் பாலக்காட்டுக் கணவாய். இந்தப் பத்தில் சில மட்டும் அடுத்த நிலைப் பள்ளங்களிலும் பிரிந்திருந்தன. செங்கோட்டைக் கணவாய் அவற்றில் ஒன்று. கொல்லம் போகும் ரயில் குகைகளைக் கடந்து செல்லும் அந்த மலையிடுக்கு, பாலக்காட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறுகல். பள்ளம் அகலமும் ஆழமும் ஆனால் பிரிவும் பழையது. குறுகியதானால் பிரிவு இளையது. மலையின் வரைபடத்தையும் மரபணுவின் கிளைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் கோடு மற்றதன் கோட்டில் விழுகிறது.

ஒரே பள்ளம் பிரித்திருந்தாலும் பிரிந்த காலம் ஒவ்வொரு இனத்துக்கும் வேறு வேறு. இதற்குப் பனியுகங்கள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பிளீஸ்டோசின் காலத்தில் உலகம் குளிர்வதும் சூடேறுவதுமாக மாறி மாறி இருந்தது. குளிர்ந்தபோது மலைக்காடு கீழே இறங்கியது, பறவைகளுக்கு வழி திறந்தது. சூடேறியபோது காடு உச்சிக்கு ஏறியது, வழி அடைபட்டது. எந்த இனம் எந்தச் சுற்றில் அடைபட்டது என்பது அதனதன் சிறகையும் பழக்கத்தையும் பொறுத்தது. மீதி 13 இனங்கள் எந்தப் பள்ளத்தையும் பொருட்படுத்தவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே மலையில், ஒரே வானிலையில் வாழ்ந்தும் பாதிக்கு மேல் பறந்து கலந்திருக்கலாம், அல்லது ஒரு பக்கம் அழிந்து மறுபக்கத்திலிருந்து புதிதாகக் குடியேறியிருக்கலாம்.

2017இல் ராபினும் சுஷ்மா ரெட்டியும் விஷ்ணுதாசும் மற்றவர்களும் சோலைக்கிளியின் வகைப்பாட்டு முடிச்சை அவிழ்த்தார்கள். சோலைக்கிளிகள் இமயமலையின் குட்டைச்சிறகுப் பறவைகளுக்கு உறவு என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. மரபணு அவற்றை நீல ஈப்பிடிப்பான்களின் குடும்பக் கிளையில் கொண்டுபோய் வைத்தது; அங்கேயும் வேறு எதனுடனும் சேராமல் தனியாக. அதனால் ‘சோலிகோலா’ என்ற புதிய பேரினம் உண்டாயிற்று. நீலகிரியில் ஒன்று, பழனி, ஆனைமலைப் பக்கம் ஒன்று. செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலையை உள்ளடக்கிய அசம்பு மலைகளில் வாழ்வது மூன்றாவது, அதுவரை பெயரே பெறாத இனம். பார்வையை மட்டும் நம்பினால் அசம்புப் பறவையைப் பழனிப் பறவையிலிருந்து பிரிப்பது கடினம்.

சிரிப்பான்களின் கதை இன்னும் சுவையானது. மலைக்காட்டில் கூட்டமாகக் குரலெழுப்பும் இந்தப் பறவைகளும் இமயத்துச் சிரிப்பான்களோடு சேர்த்து வகுக்கப்பட்டிருந்தவை. அவையும் தனிப் பேரினமாயின. நான்கு மலைக்கு நான்கு இனம். வயநாட்டின் பாணாசுரம் முதலிய உச்சிகளில் ஒன்று, சாலியாற்றுப் பள்ளத்துக்கு இப்பால் நீலகிரியில் ஒன்று, பாலக்காட்டுக்குத் தெற்கே பழனி, ஆனைமலையில் ஒன்று, செங்கோட்டைக்கும் தெற்கே ஒன்று. மூன்று பள்ளங்கள், நான்கு பறவைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த நான்குக்கும் பெயர் இருந்தது. பின்னால் வந்தவர்கள் சேர்த்துவைத்தார்கள், மரபணு மறுபடி பிரித்தது.

தெற்கில் நடந்தது வடக்கிலும் நடந்தது. 2009இல் அருணாசலப் பிரதேச மலைகளில் சுவீடனின் பெர் ஆல்ஸ்ட்ரோமும் சஷாங்க் தால்வியும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ஒரே இனம் என்று கருதப்பட்ட பூங்குருவி, மரங்களுக்குள் பாடும்போது இனிமையாகப் பாடியது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே பாறைவெளியில் கரகரவென்று பாடியது. பிறகு ஏழு நாடுகளின் 15 அருங்காட்சியகங்களில் இருந்த மாதிரிகளைத் தேடி அளந்தார்கள், டி.என்.ஏ. எடுத்தார்கள். இரண்டும் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இனங்கள். காட்டுப் பூங்குருவிக்கு 2016இல் சாலிம் அலியின் பெயர் சூட்டப்பட்டது. தென்னமெரிக்காவின் ஆண்டஸ் மலையில் இதைவிடப் பெரிய அறுவடை: தரையில் ஓடும் செம்பழுப்பு எறும்புப் பிட்டாக்களின் கூட்டத்தைக் குரலையும் மரபணுவையும் வைத்து ஆராய்ந்தவர்கள் 2020இல் 16 இனங்கள் என்று எண்ணிக் காட்டினார்கள்.

இந்த வேகத்தில் எல்லாவற்றையும் பிரித்துவிடத் தோன்றும். வட அமெரிக்காவின் பொற்சிறகுக் கதிர்க்குருவியும் நீலச்சிறகுக் கதிர்க்குருவியும் அதற்கு மருந்து. நிறம் வேறு, பாட்டு வேறு. எந்தக் குழந்தையும் பிரித்துச் சொல்லும். 2016இல் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டபோது 99.97 விழுக்காடு ஒன்றாக இருந்தது. தெளிவான வேறுபாடு ஆறு சிறு பகுதிகளில் மட்டும், அவற்றில் பெரும்பாலானவை இறகின் நிறத்தோடு தொடர்புள்ளவை. காடும் வயலும் மாறியதால் இரண்டும் கலக்கின்றன என்பது பழைய விளக்கம். மனிதர் வருவதற்கு முன்பே அவை கலந்துகொண்டிருந்திருக்கலாம் என்று மரபணு சொன்னது. இரண்டு சதவீத வேறுபாடு இருந்தால் இனம், இல்லையென்றால் இல்லை என்று அளவுகோல் வைத்துக் கோடு போடுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. பாட்டும் மரபணுவும் நிலவியலும் ஒரே இடத்தில் கோடு போட்டால் நம்பலாம். ஒன்று மட்டும் போட்டால் பொறுக்கலாம். மேற்கு மலையின் முடிவுகளுக்கு வலு வந்தது அந்த மூன்றும் ஒத்துப்போனதால்தான்.

பெயர் பிரிப்பதால் காட்டுக்கு என்ன வரும் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு நேரானது. ஒரே சோலைக்கிளி என்று இருந்தவரை, நீலகிரியில் அது அருகினாலும் பழனியில் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லலாம். தனி இனம் என்றான பிறகு அந்த ஆறுதல் இல்லை. நீலகிரிச் சோலைக்கிளி, பாணாசுரச் சிரிப்பான் இரண்டும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் ‘அழியும் நிலை’யில் இருக்கின்றன. அதிலும் பாணாசுரப் பறவையின் உலகமே வயநாட்டைச் சுற்றிய சில உச்சிகள். தேயிலையும் யூகலிப்டஸும் சீகை மரமும் ஏறிய மலைகளில் சோலை துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு நடுவே பாட்டு இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக மாறத் தொடங்கியிருப்பதைத்தான் 2016 ஆய்வு பதிவு செய்தது. பனியுகம் செய்த வேலையை மண்வெட்டி வேறு வேகத்தில் செய்கிறது, ஆனால் புதிய இனம் உண்டாக அது அவகாசம் கொடுக்காது.

இந்த ஆய்வில் எவரும் பங்கு கொள்ளலாம் என்பதால் நடைமுறைச் செய்தி ஒன்று. நெதர்லாந்திலிருந்து 2005இல் தொடங்கிய ‘ஸெனோ-கான்டோ’ ஒலித் தொகுப்பிலும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே தொகுப்பிலும் எவரும் தாம் பதிந்த பறவைக் குரலைச் சேர்க்கலாம். சாதாரணக் கைபேசிப் பதிவும் ஏற்கப்படும். பதிவின் முடிவில் இடத்தையும் தேதியையும் உயரத்தையும் வாயால் சொல்லிவிட்டால் பின்னால் வரும் ஆய்வாளருக்கு அது பயன்படும். ஆனால் பதிந்ததைச் சோலையோரம் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைத்துப் படம் எடுக்கும் வழக்கம் கொடைக்கானல் பக்கமும் பரவிவருகிறது. கூடு கட்டும் பருவத்தில் அந்த ஆண் பறவை இல்லாத எதிரியைத் தேடி அலைந்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தைச் செலவழிக்கிறது. ஆய்வாளர்கள் இந்தச் சோதனையைச் செய்யும்போது அளவாகச் செய்கிறார்கள், வனத்துறையின் அனுமதியோடு செய்கிறார்கள்.